கப்பல் சட்ட அலமாரி

சுக்ரே நகர வக்கீல் நூலகத்துக்கு நூலகராகப் புதிதாக வந்திருந்த நில்டாவை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று ஒரு வாரமாக அலைந்துகொண்டிருந்தார் வக்கீல் எவரிஸ்தோ.

"வாங்க டாக்டர். இன்னிக்கும் படிக்க வந்தீங்களா, வேடிக்கை பார்க்கவா?" அந்த ஊரில் வக்கீல்கள் எல்லாரும் டாக்டர்தான்.

"ஒரு தொழில் ரகசியம் சொல்லிட்டு, அப்படியே சூடா சால்தேன்யா பலகாரம் சாப்பிட உங்களைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"முதல்ல ரகசியம்."

"எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தேவையான தீர்ப்புத் தொகுதியைக் கப்பல் சட்ட அலமாரியில சொருகிடணும். கடலே இல்லாத நாட்டுல அதை யார் தொடப்போறா?"

நில்டா சிரித்தே விட்டாள். "நிஜமாவே செஞ்சிருக்கீங்களா?"

"போன வருஷம், ஒரு விதவையம்மா வீட்டு வழக்குல. எதிர் வக்கீல் முகத்தைக்கூடப் பார்த்ததில்ல. எல்லாம் எழுத்து வாதம்தானே? அடியில 'பரோன்'னு ஒரு கையெழுத்து. பாவம், மேற்கோள் காட்ட ஒண்ணும் கிடைக்காம தோத்துட்டான்."

அவள் சிரிப்பு நின்றது.

"இந்த நூலகம் முழுக்கத் தேடினேன், டாக்டர். அந்த அலமாரியை மட்டும் விட்டுட்டேன்."

"நீங்களா?"

"நில்டா பரோன். அதுதான் என் கடைசி வழக்கு. அந்தம்மா வீட்டைக் காலி பண்ணப்போ கூடவே நின்னேன். அதுக்கப்புறம் வாதாட மனசு வரல."

"நான் அந்தம்மாவைப் போய்ப் பார்க்கட்டுமா?"

"பார்த்து என்ன சொல்லுவீங்க?"

எழுத்தில் என்றால் பக்கம் பக்கமாக வாதாடும் எவரிஸ்தோவுக்கு, எதிரே இருந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை.