ஒன்பதாவது கேள்வி

ஒன்பதாவது கேள்வியில் கலைமதியின் பேனா நின்றுவிட்டது.

அதுவரை ஜாலியாகத்தான் போனது. 'கதைக்குப் பத்துக்கு எத்தனை?' பத்து. 'கேமரா?' பத்து. 'நடிப்பு?' அதற்கும் பத்து. தன் படத்துக்குத் தானே மார்க் போடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஒரு த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிஷத்தைக் குழுவாக எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு, இந்தப் படிவத்தில் தாங்களே மதிப்பிட வேண்டும். நிர்மலா மேடம் கொடுத்த பிராக்டிகல் இது. நன்றாக வந்த படத்தைக் கல்லூரி ஆண்டு விழாவில் பெரிய திரையில் போடுவார்கள். கலைமதியின் அப்பா இப்போதே நல்லம்பள்ளி முழுக்கச் சொல்லி, ஆட்களை ஏற்றிவர ஒரு டெம்போவும் பேசிவிட்டார்.

'படத்தில் வரும் எல்லாரிடமும் முன்பே சொல்லி, சம்மதம் வாங்கினீர்களா?'

ஒன்பதாவது கேள்வி அவ்வளவுதான்.

"ஆமான்னு எழுதுடி. யாருக்குத் தெரியப் போவுது?" பக்கத்திலிருந்து முணுமுணுத்தான் ஜாவீத். படத்தில் அவன்தான் பிணம்.

"அந்தம்மா நெஜமாவே அழுதாங்கடா."

நடந்தது இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை காலை, இண்டூருக்கு வெளியே ஒரு குச்சிக்கிழங்குக் காட்டோரம். வெள்ளைத் துணி போர்த்திய பிணமாக ஜாவீத். அவனைப் பார்த்து அலறி அழ வேண்டிய தங்கையாக சுசித்ரா. செல்போனும் கையுமாக டைரக்டர் கலைமதி.

சுசித்ரா அழுதால்தானே? பக்கத்தில் வந்து உட்காருவாள். பிணத்தின் தொப்பை ஏறி இறங்கும். கெக்கெக்கே என்று சிரித்துவிடுவாள். பிணமும் சேர்ந்து சிரிக்கும். அதன் காதில் இயர்போனை மாட்டி, புள்ளியியல் பாடத்தைச் சத்தமாக ஓடவிட்டாள் கலைமதி. பிணம் உடனே அடங்கிவிட்டது. சுசித்ரா அடங்கவில்லை.

"இது சரியா வரலேன்னா மூணு பேரும் ஃபெயிலுடி!" ஏழாவது டேக்கும் வீணானபோது கலைமதி போட்ட கத்தலில், வேப்பமரத்துக் காக்காய்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

சுசித்ரா கோபித்துக்கொண்டு எழுந்துபோய், தூரத்தில் நின்ற கலைமதியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

அப்போதுதான் பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அய்யோ எஞ்சாமி!"

மாரில் அடித்துக்கொண்டே, காதில் இன்னும் புள்ளியியல் இரைந்துகொண்டிருந்த பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தார். நீட்டி முழக்கி ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார். கலைமதி நின்ற தூரத்துக்கு ராகம்தான் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை.

ஓடிப்போய், "அம்மா, இது சினிமாங்க" என்று சொல்லியிருக்கலாம். கலைமதி சொல்லவில்லை. அப்படி ஒரு அழுகை! விரல் தானாகவே ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டது. சற்று நேரம் அழுதுவிட்டு அந்தம்மா எழுந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, வந்த வழியே போய்விட்டார். கூப்பிட்டு உண்மையைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பிணத்தின் சட்டையில் குத்தியிருந்த மைக்கில் அழுகை முழுக்கப் பதிவாகியிருந்தது. எடிட் செய்யும்போது அதைக் கேட்கவே கலைமதிக்கு மனசு வரவில்லை. சத்தத்தைக் குறைத்து, மேலே திடும் திடுமென்று மியூசிக்கைப் போட்டு அமுக்கிவிட்டாள்.

சற்று முன் படம் ஓடியபோது வகுப்பே விசிலடித்தது. "யாருடி அந்த ஆக்ட்ரஸு? எங்க புடிச்சே?" என்று கேட்டவர்களிடம் அசடு வழியச் சிரித்து வைத்தாள்.

இப்போது சிரிக்க முடியவில்லை. பேனாவை இறுக்கிப் பிடித்து எழுதினாள்: 'இல்லை. பூஜ்யம்.'

"போச்சு! டெம்போவுக்கு என்னடி பதில் சொல்லுவே?" என்று தலையில் கைவைத்துக்கொண்டான் ஜாவீத்.

படிவத்தைப் படித்து, நடந்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்ட நிர்மலா மேடத்தின் முகம் மாறியது.

"ஏமாத்தி அழ வெச்சிருக்கீங்க. யாரு பெத்த புள்ளையோன்னு ஒரு பொம்பள மாருல அடிச்சிக்கிறாங்க, நீ நின்னு படம் புடிச்சிருக்கே. இது மேடையேறாது கலைமதி."

"தப்புதாங்க மேடம்" என்றாள் கலைமதி.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவறது? அந்தம்மாவத் தேடிப்போயி மன்னிப்புக் கேளுங்க. எந்த ஊரு, என்ன பேரு?"

"தெரியாதுங்க மேடம்."

"ஒப்பாரியில ஊரு, உறவுன்னு ஏதாச்சும் சொல்லித்தான் அழுதிருப்பாங்க. மியூசிக்க எடுத்துட்டு அழுகைய மட்டும் போடு."

கலைமதி லேப்டாப்பை ஸ்பீக்கரோடு இணைத்தாள். அந்தம்மாவின் குரல் கணீரென்று எழுந்தது.

"ஏழு தரஞ் செத்துப் பாத்தே என் ராசா – நீ
இன்னுஞ் சரியாச் சாவலியே..."

நிர்மலா மேடம் சட்டென்று நிமிர்ந்தார். ஜாவீத் வாயைப் பிளந்தான்.

"வவுறு ஏறி எறங்குதே என் ராசா – எனக்கே
வாயெல்லாஞ் சிரிப்பாணி ஆவுதே..."

வகுப்பு வெடித்தது. பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சுசித்ரா சிரித்துச் சிரித்துக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இருங்க, இருங்க, இன்னும் இருக்கு" என்று கையமர்த்தினார்.

ஸ்பீக்கரில் அந்தம்மா ஒருமுறை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலை இன்னும் தூக்கினார்:

"அழத் தெரியாத புள்ளைங்க பாசாவட்டும்னு – நான்
அழுதுட்டுப் போறேன்டா என் ராசா!"