மயில் போட்ட துணி

டிவிக்குக் கீழே, சீரியல்களைப் பதிவு செய்து வைத்து டிவியில் காட்டும் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. தூசி படியக் கூடாதென்று, வீட்டுக்காரம்மா வசந்தகோகிலா அதன் மேல் மயில் தைத்த துணி ஒன்றைப் போர்த்தினாள்.

உள்ளே சூடு ஏறியது. அதைத் தணிக்க, கம்ப்யூட்டருக்குள் இருந்த குட்டிக் காற்றாடி இரைந்து சுற்றியது.

"ஏன்பா இப்படிக் கத்துற? நாலு பேர் உட்கார்ந்து பார்க்கிற இடம்" என்றது துணி.

"மூச்சு முட்டுது அக்கா. கொஞ்சம் விலகிக்கோங்களேன்."

"நல்லாருக்கே! நான் இருக்கும்போதே இந்தச் சத்தம். விலகிட்டா தெருவுக்கே கேட்குமே!" என்று துணி இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது.

அன்று சீரியலில் கல்யாணம். தாலி கட்டப்போகும் நேரத்தில் கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் நின்றுபோனது. வசந்தகோகிலா ஓடிவந்து தொட்டுப் பார்த்தாள்.

"ஐயோ, தோசைக்கல்லு மாதிரி கொதிக்குதே!"

துணியை உருவி சோபாவில் எறிந்தாள். சற்று நேரத்தில் சூடு தணிந்து கம்ப்யூட்டர் மறுபடி ஓடியது. காற்றாடி இருக்கும் இடமே தெரியவில்லை.

சோபாவில் கிடந்த துணி, பக்கத்துத் திண்டிடம் பெருமையாகச் சொன்னது:

"பார்த்தியா, எவ்வளவு அடக்கமா இருக்கு! எல்லாம் என் வளர்ப்பு."