பேசுவதற்கு ஒரு விதி

கோட்டை வாசலில் நின்றுகொண்டு லிஃப்ட்காரர் ஐந்து நிமிடமாக வாயைத் திறக்கவில்லை.

கோட்டை இருந்தது எங்கள் விளையாட்டில். நாங்கள் இருந்தது என் பல் மருத்துவமனையில். ஞாயிற்றுக்கிழமை மதியம், நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளை ஒரு மேசையைச் சுற்றி இழுத்துப் போட்டிருந்தோம்.

நான் கதை சொல்வேன். என் தம்பியும் லிஃப்ட்காரரும் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, என்ன செய்கிறார்கள் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். எந்த எண்ணுக்கு என்ன பலன் என்பது நான் எழுதிய விதிப்புத்தகத்தில் இருக்கும்.

மொத்தம் தொண்ணூறு பக்கம். நனைந்த கயிற்றில் ஏறினால் ஒரு கணக்கு, செருப்போடு ஏறினால் இன்னொரு கணக்கு.

தம்பிக்குக் கதை ஓடினால் போதும். தும்முவதற்கும் பகடை உருட்ட வேண்டுமா என்று வாரம் தவறாமல் என் உயிரை வாங்குவான். புத்தகத்தை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

லிஃப்ட்காரருக்கு அந்தப் புத்தகம்தான் எல்லாம். எங்கள் கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிப்பவர். அவர் தொழிலில் விதியைச் சுருக்கினால் ஆள் நேராகக் கீழே போய்விடுவார். அதனால் தொண்ணூறு பக்கத்தையும் நகலெடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கருவிப் பையில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

இன்று அந்தத் தொண்ணூறை ஒரே பக்கமாக்கிக் கொண்டுவந்தேன். தம்பி கைதட்டினான்.

பேசுவதற்கான விதியையும் எடுத்துவிட்டிருந்தேன். இனி யாரிடமும் பகடை உருட்டாமல் மனதில் பட்டதைப் பேசலாம்.

அங்கேதான் வண்டி நின்றுபோனது. கோட்டை வாசலில் ஒரு காவல்காரி. அவளுக்காகப் பேசுவது நான். லிஃப்ட்காரர் அவளிடம் பேசித்தான் உள்ளே போக வேண்டும். இரண்டு வருடமாக ராட்சசனாக வந்து மதில் மதிலாக இடித்துத் தள்ளியவர், ஒரு பெண்ணிடம் கதவைத் திறக்கச் சொல்ல முடியாமல் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாளைக்கு இருபது பேரை வாயைத் திறக்க வைக்கிறேன். இவரிடம் மட்டும் என் வித்தை பலிப்பதில்லை.

அவர் கருவிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்று இப்படியே எழுந்து போனால், கூச்சத்திலேயே இனி இந்தப் பக்கம் வரமாட்டார்.

சரி, பழைய விதிப்படியே உருட்டுங்கள் என்றேன். தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

அவர் முகம் தெளிந்தது. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கம் நாற்பத்தொன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, இரண்டு பகடைகளையும் உருட்டினார்.

இரண்டிலும் ஒன்று விழுந்தது.

அதற்குக் கீழே எண்ணே கிடையாது. பேச்சு எடுபடாது, வந்தவர் வந்த வழியே திரும்ப வேண்டும். அப்படி எழுதியது நான்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அவர் புத்தகத்தை மூடவில்லை. பக்கத்தின் அடியில் விரல் வைத்து, நிதானமாக ஒரு வரி படித்தார். அந்த விதி அந்நியருக்கு மட்டும், தெரிந்தவரிடம் பேசப் பகடை தேவையில்லை.

தம்பி விடவில்லை. காவல்காரி இன்றைக்குத்தான் கதைக்குள் வந்தாள், அவளை எப்படித் தெரியும் என்று மடக்கினான்.

"காவல்காரிகிட்ட இல்ல தம்பி, உங்க அக்காகிட்டதான் பேசணும்," என்றவர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு சாயங்காலம் என்கூட கொஞ்ச தூரம் நடக்க வர்றீங்களா?"

கதை ஓடுவதற்காக விதிகளைக் குறைத்ததாகத் தம்பியிடம் சொல்லியிருந்தேன். கையிலிருந்து பகடையைப் பிடுங்கிவிட்டால் இந்த மனிதர் என்னிடம் எதையாவது கேட்டுவிடமாட்டாரா என்றுதான் பத்து நாளாக உட்கார்ந்து குறைத்தேன்.

வருகிறேன் என்றேன்.

அவர் அவசரமாகப் புத்தகத்தை மூடி உறைக்குள் போட்டார். அதை வாங்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

தொண்ணூறு பக்கத்தையும் எழுதியவள் நான். அவர் படித்த அந்த வரி அதில் எங்கேயும் கிடையாது.