கருங்காலிக் குசினி

ஓய்வுபெற்ற நில அளவையாளர் அம்பலவாணர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டில் கட்டிய குசினியைப் போல ஒரு சமையலறை இந்தியா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. சுவர் நீளத்துக்குக் கருங்காலி அலுமாரிகள். அந்தப் பளபளப்பில் பார்த்து மீசை முறுக்கலாம். ஆனால் தமக்கை மீனாம்பிகை ஒரு வார்த்தை மெச்ச வேண்டும். அறுபது வருடமாக அவர் செய்த எதையும் அவள் மெச்சியதில்லை.

பால் காய்ச்சிய அன்று அவள் வந்தாள்.

"என்னடா தம்பி, சவப்பெட்டியளை நிமிர்த்தி வைச்சிருக்கிறாய்?"

குறை தேடி ஒவ்வொரு கதவாகத் திறந்தாள். கடைசி அலுமாரிக்குள் பெரியதொரு ஐஸ்கட்டி இருந்தது.

போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். அம்பலவாணர் அதற்குள் ஒன்றும் வைத்திருக்கவில்லை. என்றாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இது எப்பிடியடா?"

"நல்ல மரம், அக்கா."

அவள் ஒரு துண்டை உடைத்துக் கடித்தாள். இன்னொன்றை இடுப்பில் செருகியிருந்த கைலேஞ்சித் துணியில் முடிந்தாள்.

"சைக்கிளை எடு. சுன்னாகம் சந்தைக்குப் போவம்."

சித்திரை வெயிலில் மூன்று மைல்கட்டை தூரம், தமக்கையைக் கரியரில் ஏற்றி, வழிநெடுக மணியடித்தபடி மிதித்தார்.

"என்ரை தம்பியின்ரை குசினி! நல்லாயிருக்கு, வந்து பாருங்கோ!" என்று சந்தை முழுக்கக் கேட்கக் கத்தினாள் மீனாம்பிகை. வெங்காயக்காரர்கள் சூழ்ந்துகொள்ள, கைலேஞ்சியை அவிழ்த்துக் காட்டினாள்.

ஐஸ்கட்டியின் கூர்கூட மழுங்கியிருக்கவில்லை. துணி நனையவேயில்லை.