ஷெரோமியைக் கேட்டு வந்தவர்

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் அந்த வசந்தகாலம் முழுவதும் ஷெரோமியைக் கேட்டு வராத ஆளில்லை. இன்றைக்கு அமெரிக்காவிலிருந்தே ஒருவர் வந்து சோபாவில் இருந்தார். அவளின் தாய் யோசப்பின், வடைத்தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, கணவன் அல்பேர்ட்டைக் குசினி அடுப்படிக்கு இழுத்தாள்.

“அவ்வளவு தூரம் அனுப்ப ஏலாதப்பா. ஹம்பேர்க் ஆக்களுக்கு ஓம் எண்டிருக்கலாம்.”

“விசர்க்கதை கதையாதை. வீடியோவிலை பாத்தே பிடிச்சுப்போச்சாம். ஒரு சதமும் கேக்கேல்லை. சாப்பாடு, இருப்பிடம், படிப்பு எல்லாம் அவையின்ரை பொறுப்பாம்,” என்றார் அல்பேர்ட்.

“பிள்ளை என்ன சொல்றாள்?”

“அவளுக்கு வலு விருப்பம்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள் யோசப்பின்.

“தம்பி, அவளுக்குச் சமைக்கத் தெரியாது. பிறகு குறை சொல்லக்கூடாது.”

அல்பேர்ட் மொழிபெயர்த்ததும் வந்தவர் வாய்விட்டுச் சிரித்துப் பதில் சொன்னார்.

“சமையல் வேண்டாமாம், யோசப்பின். கோலுக்குள்ளை ஒரு பந்தையும் விடாமல் பிடிச்சால் போதுமாம். அவையின்ரை கல்லூரி அணியிலை கோல்கீப்பர் இடம் இவளுக்குத்தானாம்.” பிறகு அல்பேர்ட் மனைவியின் காதோடு கேட்டார்: “நீயென்ன, கலியாணம் பேசுற மாதிரிக் கதைக்கிறாய்?”

“எதுக்கெண்டாலும், வீட்டை விட்டுப் போறது என்ரை பிள்ளைதானே,” என்றாள் அவள், பயிற்சியாளரின் தட்டில் இன்னொரு வடையை வைத்தபடி.