சக்கரம் மடக்காத விமானம்

முதலில் பேட்டரி. அடுத்து ஸ்டார்ட்டர். எரிபொருளை உடனே திறந்துவிடக் கூடாது.

இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் ஏறும்வரை பொறுக்க வேண்டும். பொறுக்காமல் திறந்தால் இன்ஜின் வெந்துபோகும்.

பல் டாக்டர் இந்த மாதம் வேகவைத்த இன்ஜின்களுக்குக் கணக்கில்லை. கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்து தினமும் ஒன்றையாவது வேகவைத்தாள்.

இன்று பொறுத்தாள். முள் ஏறியது. திறந்தாள். ஹெட்செட்டுக்குள் இன்ஜின் உறுமியது.

ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை இது. கம்ப்யூட்டரில் பலர் சேர்ந்து விமானச் சண்டை போடும் சிமுலேட்டர் சர்வரில் அவள் பெயர் குளவி. அவள் கணவன் ராஜாளி. ஒரே அறை, இரண்டு மேசை, இரண்டு திரை. ஆகாயத்தில் அவன் முன்னால் போவான். அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் போவாள்.

வயிற்றில் பிள்ளை தங்கியதும் திரையைப் பார்த்தாலே குமட்டியது. விட்டுவிட்டாள். அவன் விடவில்லை.

இப்போது அவன் கணவன் இல்லை. மகள் அவனிடம். அவளுக்குச் சனிக்கிழமைகள் மட்டும்.

தொடங்கியதில் எதையாவது நீ முடித்திருக்கிறாயா என்று கோர்ட்டு வராந்தாவில், நாலு வக்கீல் காதுபடக் கேட்டான்.

நேற்று சனிக்கிழமை. ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே மகள் சொன்னாள். அப்பாவை யாராலும் சுட முடியாதாம். அப்பாவே சொன்னாராம். அம்மாவுக்கு விமானத்தைக் கிளப்பக்கூடத் தெரியாதாம்.

அவள் முகம் மாறாமல் மகளின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"நாளைக்கு மத்தியானம் அப்பா பக்கத்துல உக்காந்து பாரு, குட்டி. அம்மா வரேன்."

வந்துவிட்டாள். ஆனால் ஓடுதளத்தில் விமானம் இடமும் வலமுமாக இழுத்தது. பரணில் கிடந்த ஜாய்ஸ்டிக். அதன் கழுத்து ஒரு பக்கமாகவே சாய்ந்தது. புதுப் பதிப்பில் விசைகளும் இடம் மாறியிருந்தன. பிரேக் என்று நினைத்து அழுத்தினால் விளக்கு எரிந்தது.

இரண்டு அணிக்கும் கேட்கிற பொது அலைவரிசையில் யாரோ ஒருவன் மைக்கைத் திறந்தான்.

"அக்கா, அது ரன்வே. வயல் இல்ல. உழாதீங்க."

ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். அவன் சிரிப்பு அதில் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இல்லை. எதிரணிப் பட்டியலில் ராஜாளி என்ற பெயர் மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் மனதில் எதையோ வைத்திருக்கிறான் என்று அர்த்தம். கல்யாணம் கற்றுக்கொடுத்த பாடம் அது. இன்று அதற்கெல்லாம் நேரமில்லை.

எழும்பினாள். மலைகளை ஒட்டித் தாழப் பறந்தாள். ரேடாரை அணைத்துவைத்தாள். போட்டால் அவன் காதில் மணி அடிக்கும்.

ஆற்றுக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு இறக்கை. பிறகு வால். வாலில் சிவப்புச் சிறகு. அந்தச் சிறகை அவனுக்கு வரைந்து கொடுத்தவளே அவள்தான்.

சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு நெருங்கினாள்.

பட்டப்பகலில் அவன் விளக்கு எரிந்தது. சக்கரத்தைக்கூட மடக்கவில்லை. கோயில் தேர் மாதிரி நேராக, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தான்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. எவ்வளவு கொழுப்பு. இவளுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டான். மகளுக்கு வேடிக்கை காட்டுகிறான்.

இறக்கை ஒரு பக்கம் தாழ்ந்தது, திடுக்கென்று நிமிர்ந்தது, மறுபக்கம் தாழ்ந்தது. தின்றுகொண்டே ஓட்டுகிறான். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் விமானம். அந்தக் கையைத்தான் அவளுக்குத் தெரியுமே. சாப்பாட்டு மேசையிலும் அதே கைதான். பேச்சு அவளோடு, கண் திரையில்.

ஏவுகணை இருந்தது. வேண்டாம் என்று விட்டாள். தூரத்திலிருந்து விழுந்தால் ஏதோ கோளாறு என்று மகளிடம் சமாளிப்பான். அம்மா இவ்வளவு பக்கத்தில் வந்தாள் என்று அந்தப் பிள்ளை பார்க்க வேண்டும்.

வால் திரையை நிறைத்தது. சிவப்புச் சிறகின் ஒவ்வொரு இறகும் தெரிந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு எதிலுமே கிடையாது.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற நிதானத்தோடு துப்பாக்கி விசையை அழுத்தினாள். விடவில்லை. சிறகு பிய்ந்தது, வால் பிய்ந்தது. அப்போதும் விடவில்லை. ஆற்றில் விழுந்து கரும்புகை எழும்பிய பிறகுதான் விரலை எடுத்தாள்.

சுட்டது குளவி, வீழ்ந்தது ராஜாளி என்று திரையின் மூலையில் எழுத்து ஓடியது.

அதை அவள் வாய்விட்டுப் படித்தாள். மகளும் இந்நேரம் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருப்பாள்.

பொது அலைவரிசையில் மைக் திறக்கும் சத்தம் கேட்டது. திட்டட்டும். எல்லோரும் கேட்கத் திட்டட்டும்.

மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் முதலில் வந்தது.

"அப்பா, நான் நேராத்தானே ஓட்டினேன்? அம்மா என்னைச் சுட்டுட்டாங்க."

அதற்குப் பிறகு வந்த குரலில் அவசரமே இல்லை.

"பாத்தியா குட்டி. அம்மா உன்னைச் சுடுவாங்கன்னு நான் சொன்னேன்ல."