ஆமென் எப்போ வரும்?

கூடத்திலிருந்து செருமல் சத்தம் வந்தது. ஒன்று. சற்று விட்டு இன்னொன்று.

அடுப்படியில் ஜெயகுமாரியின் தோசைக் கரண்டி பாதி வழியில் நின்றது.

"ஆரம்பிச்சாச்சு," என்றாள்.

தண்ணீர் குடிக்க வந்த கணவன் ஆரோக்கியதாஸ் பதறினான். "மெதுவாப் பேசு. அப்பா காதுல விழுந்துரும்."

"விழட்டுமே. ஏனுங்க, சாப்பாட்டு ஜெபம்னா எங்க சேலத்து ஊட்டுல ரெண்டு வரி. ஆமென் சொல்லி முடிச்சாலும் சோத்துல ஆவி பறக்கும். இங்க ஆமென் வர்றதுக்குள்ள இந்தக் குளிருக்குத் தோசை வறட்டி ஆயிருது."

"அவரு நொம்ப வருசமா அப்படித்தான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். சேலத்துல ஊடு பாத்தாச்சு. தனியாப் போறோம்னு இன்னைக்கே சொல்லிருங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிருவேன்."

அவள் கல்யாணமாகி மலையேறி வந்து மூன்று மாதம்தான். மாமியார் ராசம்மாள் இருந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி ஜெபத்தில் உட்கார்ந்திருந்தாள். மகளுக்குப் பிரசவம் என்று மாமியார் காலையில்தான் மாரமங்கலத்துக்கு பஸ் ஏறினார். இனி சமையல் முழுக்க இவள் கையில்.

ஆரோக்கியதாஸ் போய்த் தட்டின் முன் உட்கார்ந்தான். எதிரே அவன் அப்பா மரியஅந்தோணி சம்மணமிட்டு, கைகுவித்து, கண்மூடி இருந்தார். எஸ்டேட் ஜீப் டிரைவர்.

"ஆண்டவரே, கொண்டை ஊசி வளைவுல வர்ற எல்லா வண்டிக்கும் நல்ல பிரேக்கைத் தாரும். மிளகுக் கொடியைப் பாத்துக்கும். தலைச்சோலை அங்கப்பனோட பசு சினையா இருக்குது, நல்லபடியாக் கன்னு போடட்டும்..."

ஜெயகுமாரி ஒரு தோசையை எடுத்துவிட்டு இன்னொன்றை ஊற்றினாள்.

"...ஏரியில படகு விடற பெருமாளுக்கு நீச்சல் தெரியாது. அது உமக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். கடைக்கார கோவிந்தராஜுக்கு மூட்டுவலி குறையட்டும்..."

அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். ஆரோக்கியதாஸ் ஒற்றைக் கண்ணைத் திறந்து, ஆறிப்போகும் தோசையைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"...தலைச்சோலை அங்கப்பனோட பசு..."

"மாடு முன்னாடியே வந்துருச்சுங்க மாமா!"

ஜெபம் ஒரு நொடி தடுமாறியது.

"...அது போடப்போற கன்னுக்குட்டியையும் ஆசீர்வதியும்."

அதற்குமேல் ஜெயகுமாரிக்குத் தாங்கவில்லை. அடுப்பைத் தணித்தாள். தன் தட்டிலும் ஒரு தோசையைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். நேருக்கு நேர் சொல்லிவிடுவது என்று மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து, தட்டை 'ணங்'கென்று தரையில் வைத்தாள்.

"ஆமென்," என்றார் மரியஅந்தோணி. கண்ணைத் திறந்து தோசையைப் பிட்டார்.

ஜெயகுமாரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு சொல்லணுமுங்க."

"சொல்லு கண்ணு."

"வந்து... நாங்க ரெண்டு பேரும்..."

பேச்சு எங்கே போகிறது என்று புரிந்த ஆரோக்கியதாஸ் அவசரமாக, "ஜெயா, சட்னி கொண்டா!" என்றான்.

அவள் எழுந்தாள்.

மரியஅந்தோணி வாய்வரை கொண்டுபோன துண்டைத் தட்டில் வைத்தார். கண்ணை மூடினார்.

"இன்னும் ஒண்ணு ஆண்டவரே, கரடியூர் பஸ் இன்னும் வரலை..."

பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். மாமனாரைப் பார்த்தாள். மெல்ல உட்கார்ந்தாள்.

"ஆமென்."

சந்தேகத்தோடு மறுபடி எழுந்தாள்.

"...அந்த பஸ் கண்டக்டருக்கும் நல்ல புத்தியைத்..."

உட்கார்ந்தாள்.

"...தாரும், ஆமென்."

ஜெயகுமாரியின் குரல் இறங்கிவிட்டது. "மாமா, அத்தை இருக்கறப்பவும் இதேதானுங்களா?"

மரியஅந்தோணி கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உங்கத்தைய உக்காருன்னா உக்கார மாட்டா கண்ணு. 'நீங்க சாப்பிடுங்க, நான் கடைசீல பாத்துக்கறேன்'னுவா. கடைசீல பாத்தா சட்டியில ஒண்ணும் இருக்காது. என் பேச்சைத் தட்டுவா. ஆனா ஜெபம் முடியாம இந்த ஊட்டுல யாரும் சோத்துல கை வெக்க முடியாதே. எல்லாரும் பசியோட இருக்கறதைப் பாத்துட்டு, தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துருவா. அதுவரைக்கும் நான் ஆண்டவரை விடாமப் பிடிச்சு வெச்சுக்குவேன். அவருக்கென்ன, பசியா பட்டினியா?"

ஜெயகுமாரி தன் தட்டிலிருந்த தோசையைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

ஆரோக்கியதாஸ் அவள் பக்கம் சாய்ந்து, "அந்தச் சேலத்து ஊடு..." என்று முணுமுணுத்தான்.

"அது கெடக்குது. சட்னி கேட்டீங்களே, அடுப்படியிலதான் இருக்குது. கல்லும் சும்மாக் காயுது. எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு ஊத்தி எடுத்துட்டு வாங்க."

அவன் தன் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு எழுந்தான்.

மகன் எழுந்ததைப் பார்த்ததும் மரியஅந்தோணி தொண்டையைச் செருமிக் கண்ணை மூடப் போனார்.

"மாமா, அவருக்கெல்லாம் வேண்டாமுங்க," என்றாள் ஜெயகுமாரி. "அவரு கடைசீல பாத்துக்குவாரு. நாம சாப்பிடலாம்."

அடுப்படியில் ஆரோக்கியதாஸ் மாவைக் கலக்கி, கல்லில் ஊற்றினான்.